பெயர் வெட்டிய மரங்கள்

மேலக்கரையில் பாத்திரம் தொலையாது. கல்யாண வீட்டுக்கு இரவல் போன அண்டா ஆனாலும், பால் வாங்கப் போன இடத்தில் மறந்து வைத்த தூக்குவாளி ஆனாலும், பக்கத்து வீட்டுக்குக் கொழுக்கட்டையோடு போய்த் திரும்பாமலே இருந்துவிட்ட கிண்ணம் ஆனாலும், அதன் விளிம்பிலோ வயிற்றிலோ யார் பெயர் வெட்டியிருக்கிறதோ அவர் வீட்டுக்கு அது என்றைக்காவது வந்து சேர்ந்துவிடும். பெயர் இருந்தால் பொருள் அவருடையது, அதற்குமேல் பேச்சில்லை. ஊர் இதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தது, ஊரோடு சேர்ந்து நகராட்சிப் பூங்காவில் நின்ற மரங்களும் இதைப் பார்த்துத்தான் வளர்ந்தன. ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிவெயிலில், பெயர் வெட்டப்பட்ட மரங்களெல்லாம் வேரைச் சுருட்டிக்கொண்டு அவரவர் வீட்டைத் தேடிக் கிளம்பியபோது, அதில் தப்புச் சொல்ல ஊரில் யாராலும் முடியவில்லை.

முதலில் வந்து சேர்ந்தது ஒரு புங்கமரம். ஆட்டோ ஓட்டும் இசக்கிப்பாண்டி பத்தாவது படித்த காலத்தில், பரீட்சைக்குப் படிக்கப் போகிறேன் என்று பூங்காவுக்குப் போய், படிக்காமல், காம்பஸ் முனையால் தன் பெயரையும் வகுப்பையும் அதன்மேல் கீறிவிட்டு வந்திருந்தான். அந்தப் புங்கமரம் இப்போது பூங்கா வாசலைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு முக்கில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டும்வரை பொறுமையாக நின்று, காட்டியதும் கடந்து, பெருமாள் கோயில் தெருவில் நுழைந்து, மண் சொரியச் சொரிய அவன் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவன் மனைவி முத்துச்செல்வி குழாயில் குடம் வைத்திருந்தாள். மரத்தை மேலும் கீழும் பார்த்தாள், பெயரைப் படித்தாள், உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“ஏங்க, உங்களத் தேடி ஒரு மரம் வந்திருக்கு. பத்தாம் வகுப்பு பி பிரிவாம்.”

“நிக்கச் சொல்லு, சாப்பிட்டுட்டு வாரேன்” என்றான் இசக்கிப்பாண்டி.

வெயிலில் நடந்து வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது முறை என்பதால் முத்துச்செல்வி குடத்தை அப்படியே மரத்தடியில் சாய்த்தாள்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தன. உடம்பெல்லாம் டியூஷன் சென்டர் தகரம் அடிக்கப்பட்ட மருதமரம் டியூஷன் சென்டருக்கே போய் முற்றத்தில் நின்றுகொள்ள, வாத்தியார் கூரைத் தகரத்தில் இரண்டைக் கழற்றி அதற்கு வழிவிட்டார். ‘மூலம், பவுத்திரம் – ஊசியின்றி, வலியின்றி’ என்ற பலகையை ஆணியோடு சுமந்துகொண்டிருந்த வேப்பமரம் நேரே அந்த டாக்டரிடம் போய் வரிசையில் நின்றது, அங்கே காத்திருந்தவர்கள் உட்கார முடியாதவர்களாகையால் எல்லாரும் நின்றுகொண்டே அதற்கு இடம் கொடுத்தார்கள். அணில்களும் காக்கைகளும் வீடு மாறுகிறவர்கள் பின்னால் வருகிற சாமான்வண்டி மாதிரி கூடவே வந்தன. இரண்டே நாளில் ஊருக்கு எல்லாம் பழகிவிட்டது. தபால்காரர் ‘நாவல் மரத்துக்கு எதிர்வீடு’ என்று அடையாளம் சொல்லத் தொடங்கினார், பூக்காரிகள் வெயிலுக்கு ஏற்ற வாசல் பார்த்து இடம் மாறினார்கள், மரம் வராத வீட்டுக்காரர்கள் மட்டும், தங்களை யாரோ மதிக்காமல் விட்டுவிட்ட மாதிரி, சாயங்காலங்களில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

இத்தனை கலகலப்பிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளக் கிடந்தவள் ஒருத்தி உண்டென்றால் அது வடிவாம்பாள்.

வடிவாம்பாள் என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, வடிவக்கா என்றால் பூங்காப் பக்கம் ஒருநாள் ஒதுங்கினவனுக்கும் தெரியும். பாத்திரக்கடை சங்கரலிங்கத்தின் மனைவி, பூங்கா மரக் காப்புக் குழுவின் தலைவி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கையில் குறடோடு அவள் விடிகாலையில் பூங்காவுக்குள் நுழைந்தால், மரங்களில் அடித்த ஆணிகளுக்கு வாழ்வு முடிந்தது என்று அர்த்தம். அவள் பிடுங்கப் பிடுங்க ராத்திரியில் புதுசாக அடிக்கிறவர்களும் இருந்தார்கள். பிடுங்கின காயத்தில் சாணியும் செம்மண்ணும் குழைத்து அவளே பூசுவாள். பட்டையில் பிளேடு வைக்கிறவனை, அவன் காலேஜ் பையன் ஆனாலும் கட்சிக்காரர் மகன் ஆனாலும், காதைப் பிடித்து அந்த மரத்துக்கு முன்னாலேயே நிறுத்தித் தோப்புக்கரணம் போட வைப்பாள். காதல் ஜோடி என்றால் இருவரும் சேர்ந்து போடவேண்டும். “அதுக்கு வலிக்காதா? உன் முதுகுல நான் எழுதட்டா?” என்று அவள் கேட்கிற கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. ‘வடிவக்கா வருது’ என்று யாராவது கத்தினால் பூங்காவில் பெஞ்சு காலியாகும்.

ஆனால் இந்த வடிவக்காளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நடைப்பயிற்சிக்கு எல்லாரும் பூங்காவை முழுசாகச் சுற்ற, அவள் மட்டும் வடமேற்கு மூலையில் இருக்கிற குழாயடிவரை போய்த் திரும்பிவிடுவாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். ‘தலைவியம்மாவுக்கு முக்கால் சுற்று’ என்று கூட நடக்கிறவர்கள் கேலி செய்வார்கள். முழங்கால் வலி என்பாள். குழாயடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வாகை மரம் நின்றது, அந்த மரத்தின் மார்பளவு உயரத்தில், சைக்கிள் சாவியால் ஆழமாகக் கீறின எழுத்தில், ‘வடிவு – தனுஷ்கோடி’ என்று இருந்தது.

டைப்ரைட்டிங் வகுப்பு விட்டதும் நேரே பூங்காவுக்கு வந்த ஒரு மாசிமாத வெயிலில் தனுஷ்கோடி அதைக் கீற, யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் வடிவு. பட்டை பிரிகிற சத்தம் அவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது. கீறி முடித்து வெகுநேரம் கழித்துக் காயத்தில் பிசின் கசிந்தது, அவள் அதைக் கைக்குட்டையால் துடைத்தாள், கைக்குட்டை பிசினோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் மஸ்கட்டுக்குப் போனான், அவள் ஒரு மாதம் தலையணையை நனைத்தாள், அப்புறம் சங்கரலிங்கம் பெண் பார்க்க வந்தார், கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்து படித்து வேலைக்கும் போய்விட்டன. தனுஷ்கோடி திரும்பிவந்து ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை போட்டு, தங்கபுஷ்பம் என்ற கண்டிப்பான அம்மாளைக் கட்டி, தலைமுடி போய், கடைத்தெருவில் எதிரே வந்தால்கூட அவளுக்கு ஒன்றும் ஆகாத ஆளாகியிருந்தான். அவன்மேல் அவளுக்கு ஆசையும் இல்லை, கோபமும் இல்லை. ஆனால் அந்த மரத்தின்மேல் இருந்த வெட்கம் மட்டும் முப்பது வருஷமாக ஆறவில்லை. அவள் இத்தனை மரத்துக்கு மருந்து பூசியதே அந்த ஒரு மரத்துக்குப் பூச முடியாததால்தான்.

குழு ஆரம்பித்த வருஷம் அவள் ஒரு காரியம் செய்தாள். ‘மரங்களைக் கீறாதீர் – இப்படிக்கு, மரக் காப்புக் குழு, தலைவி வடிவாம்பாள் சங்கரலிங்கம்’ என்று பெரிய தகரப் பலகை ஒன்று எழுதி வாங்கி, மார்பளவு உயரத்தில், ஆணி இல்லாமல் கயிற்றால், வாகை மரத்தில் தானே கட்டினாள். ஊசி போட்டுக்கொள்கிறவள் மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கட்டினாள். பெயர் மறைந்தது, இனி யார் கண்ணிலும் படாது என்று நிம்மதியாக இருந்தாள். மரங்கள் நடக்கத் தொடங்கும் என்று யார் கண்டது?

ஒற்றைப் பெயர் மரங்கள் தொந்தரவு தரவில்லை. இரட்டைப் பெயர் மரங்கள்தான் ஊரை ஆட்டிவைத்தன. பெயர்க்காரர்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தால் மரம் அந்த வீட்டு வாசலில் போய் நின்றது. அப்படி இருந்தவர்கள் கொஞ்சம் பேர். மற்ற மரங்கள், ஒருத்தி வீட்டுக்கும் ஒருத்தன் வீட்டுக்கும் சரியாக நடுவில், அது ஆஸ்பத்திரி வாசலோ மீன் மார்க்கெட்டோ எதுவானாலும், இரண்டு பக்கமும் கிளையை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டன. போகிறவர் வருகிறவரெல்லாம் சாவகாசமாக நின்று படித்தார்கள். பாங்கு வாசலில் நடுரோட்டில் நின்ற நாவல் மரத்தில் ‘செண்பகம் – தனுஷ்கோடி’ என்று இருந்தது. வடிவு அதைக் காய்கறி வாங்கப் போகிறபோது பார்த்தாள். அதே கையெழுத்து, அதே சைக்கிள் சாவி, கீழே போட்டிருந்த வருஷமும் அதே வருஷம்.

‘சவத்து மூதி’ என்று அவள் மனசுக்குள் வைதாள், நனைந்த தலையணையெல்லாம் வீண் என்று நினைத்துக்கொண்டாள், ஒரு கிலோ கத்தரிக்காய் கேட்ட இடத்தில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தாள்.

தங்கபுஷ்பம் தன் புருஷனை ஜெராக்ஸ் கடையிலேயே படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாக ஊர் பேசிக்கொண்டது. இந்த மாதிரி வீடுகள் இன்னும் சில இருந்தன. வாகை மரமும் கிளம்பிவிட்டால் தன் வீடும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும் என்று வடிவுக்குச் சோறு இறங்கவில்லை. சங்கரலிங்கம் அதிகம் பேசாத மனிதர். நாளெல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, வாங்குகிறவர்களிடம் “என்ன பேரு போடணும்?” என்று கேட்டு, டிக் டிக் டிக் என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுகிறவர். பெயரிலேயே பிழைப்பு நடத்துகிற அந்த மனிதர் அப்படி ஒரு பெயரைப் படித்துவிட்டு எப்படி முகத்தை வைத்துக்கொள்வார் என்று நினைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

இதற்கிடையில் மரங்களைத் திருப்பி அனுப்புகிற வழி ஊருக்குத் தெரியவந்தது, அதுவும் இசக்கிப்பாண்டி வீட்டிலிருந்துதான். அவன் மகளுக்கு அந்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிழலே இல்லை என்று பேச்சு வர, தாரை வார்த்துக் கொடுக்கிறபோது இசக்கிப்பாண்டி தாராளமாக, “பொண்ணோட அந்தப் புங்கமரத்தையும் சேத்துக் குடுத்தேன் மாப்ள” என்று சொல்லித் தண்ணீரை ஊற்றினான். ஊற்றிய கை காயுமுன் புங்கமரம் வாசலிலிருந்து நகர்ந்து, ஊர்வலத்தை முந்திக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நின்றது. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, நன்றாக இருக்கிறது. ஊர் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது. பொருளைக் கொடுக்கிற முறை இதுதானே, இது ஏன் நமக்குத் தோன்றவில்லை? அதன்பிறகு ஒற்றைப் பெயர்க்காரர்கள் சொம்பும் தண்ணீருமாக வந்து, வெட்டியிருந்த பெயரைச் சத்தமாகப் படித்து, “இது இனிமே பூங்காவோடது” என்று வேரில் ஊற்ற, மரங்கள் திருவிழா முடிந்து வீடு திரும்புகிறவர்கள் மாதிரி, அலுத்துக் களைத்து, தங்கள் தங்கள் குழியைத் தேடிப் போய் இறங்கிக்கொண்டன. மூலத்து டாக்டர் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு வேப்பமரத்திடம் மன்னிப்புக் கேட்டார் என்றும் சொன்னார்கள்.

இரட்டைப் பெயர் மரங்களுக்கு இருவரும் சேர்ந்து ஒரே சொம்பைப் பிடித்து ஊற்றவேண்டியிருந்தது. அதற்கு யாரும் வரவில்லை. நடுரோட்டில் நின்ற மரங்களின் கிளைகள் கம்பியில் உரச உரச, ஊரில் கரண்டு போவதும் வருவதுமாக இருந்தது, ஆம்புலன்ஸ் ஒன்று திரும்ப வழியில்லாமல் நின்றது. நகராட்சி ஆணையர் பொல்லாதவர் இல்லை, ஆனால் அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பூங்காவுக்குத் திரும்பாத மரங்களை வெட்டி அகற்றுவது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

வடிவு அந்த ஒலிபெருக்கி ஆட்டோவையே மறித்து, மைக்கை வாங்கி, தெருத்தெருவாகப் பேசினாள். “எப்பமோ சின்ன வயசுல செஞ்சது. அதுல என்ன வெக்கம்? நீங்க வந்து ரெண்டு பேருமாத் தண்ணி ஊத்தினா ஒரு உசுரு பிழைக்கும். வீட்டுல உள்ளவங்க கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க” என்று அவள் பேசப் பேச, ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பேசுகிற அவளுக்கே தன் குரல் யாருடையதோ மாதிரி கேட்டது.

பேசிக்கொண்டிருக்கும்போதே வாகை மரம் கிளம்பிவிட்டது.

அது அந்த முதல் செவ்வாய்க்கிழமையே புறப்பட்டதுதான். வயசான மரம், வேர் குழாய்க்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் அடியில் எங்கெங்கோ போயிருந்தது. ஒவ்வொன்றாக உருவி எடுத்து முடிக்க அதற்கு இத்தனை நாள் ஆயிற்று. மறுவாரம் வியாழக்கிழமை வெயில் ஏறுகிற நேரத்தில் பூங்கா வாசலில் அது தலைகுனிந்து வெளியே வந்தது. வடிவு மனக்கணக்குப் போட்டாள். கடையும் அதன் பின்கட்டில் தன் வீடும் மேற்கே, தனுஷ்கோடி வீடு கிழக்கே ஸ்டேஷன் பக்கம், நடுவில் மணிக்கூண்டு. மணிக்கூண்டில் நின்றுகொள்ளும், பலகை அவிழாதவரை நம் பேச்சு வராது. என்னென்னவோ சாமிகளைக் கூப்பிட்டாள். வாகை மணிக்கூண்டுக்கு வந்தது, நிற்கவில்லை, ஒரு கணம்கூடத் தயங்கவில்லை, மேற்கே திரும்பிப் பாத்திரக்கடைத் தெருவில் நுழைந்து, சரம் சரமாகக் காய்ந்த நெற்றுகள் கலகலவென்று ஆட, அண்டாக்களுக்கும் குத்துவிளக்குகளுக்கும் நடுவே சங்கரலிங்கத்தின் கடை வாசலில் வந்து நின்றது. ‘அவனை விட்டுவிட்டு என்னையே தேடி வந்திருக்கிறதே’ என்று மட்டும் வடிவு நினைத்தாள். பயத்தில் இருந்தவளுக்கு அதற்குமேல் யோசிக்க ஓடவில்லை.

ஊர் வேறுமாதிரி நினைத்தது. பலகையில்தான் அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்ததே!

“பாத்தியளா, தலைவியம்மாவத் தேடி மரமே வந்திருக்கு.”

“பின்ன? அவிய பட்ட பாடு கொஞ்சமா?”

யாரோ மாலை கொண்டுவந்து மரத்துக்கும் அவளுக்கும் போட்டார்கள். சங்கரலிங்கம் உளியைக் கீழே வைத்துவிட்டு மரத்தை நிமிர்ந்து பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி டிக் டிக் என்று ஆரம்பித்தார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வடிவு எல்லார் முன்னாலும் குழு சார்பாகச் சொம்பெடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். “மரக் காப்புக் குழுத் தலைவி வடிவாம்பாள் சங்கரலிங்கம். இந்த வாகை மரம் இனிமே பூங்காவோடது” என்று பலகையைப் படித்தாள். மரம் அசையவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினாள். இலை அசைந்தது, அது காற்று. வேலைக்கு வந்திருந்த மரம் அறுக்கிறவர்கள் எதிர்க்கடை ஓரத்தில் ரம்பத்தை வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், அவசரப்படவில்லை. சாயங்காலம் ஆக ஆக வெயில் இறங்கியது. ஆணையர் ஜீப்பில் வந்து இறங்கி, “அம்மா, உங்க மரத்துக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தா மத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

வடிவு மரத்தைப் பார்த்தாள். எத்தனை வருஷமாக அதை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்கவில்லை! அடிமரம் பெருத்து, பட்டை வெடித்து, உச்சியில் ஒரு காக்கைக்கூடு இருந்தது. அன்றைக்குப் பட்டை பிரிந்த சத்தம் கேட்டது. அதைவிடப் பெரிய சத்தம் இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த ரம்பத்திலிருந்து கேட்கப் போகிறது. அந்தச் சத்தத்தையும் காதில் வைத்துக்கொண்டு இனி ஒருநாள்கூட இருக்க முடியாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மாலையைக் கழற்றிக் கல்லாமேல் வைத்தாள். கடைக்குள் போய்ப் புருஷன் முன்னால் நின்றாள்.

“ஏங்க.”

“ம்.”

“அந்தப் பலகைக்கு அடியில என் பேரு இருக்கு. கல்யாணத்துக்கு முன்ன வெட்டுனது. கூட இன்னொரு ஆம்பளை பேரும் இருக்கு. உங்ககிட்ட முன்னமே சொல்லியிருக்கணும், சொல்ல வாய் வரல. இப்பம் பலகையை அவுக்கப் போறேன். நீங்க என்ன நினைச்சாலும் சரி, மரத்தை வெட்ட விட மாட்டேன்.”

டிக் டிக் நின்றது. தெருவே நின்றது.

“தெரியும்” என்றார் சங்கரலிங்கம்.

“என்ன தெரியும்?”

“போயி அவுத்துப் பாரு.”

கயிறு இறுகிக் கிடந்தது, குறடால் அறுத்தாள். பலகை விழுந்தது. அவள் முதலில் கண்ணை மூடிக்கொண்டாள், அப்புறம் திறந்தாள். ‘வடிவு’ என்று பழைய சைக்கிள் சாவி எழுத்து அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில், பட்டையை வழவழவென்று செதுக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புள்ளி புள்ளியாக, எவர்சில்வர் குடத்தில் வெட்டுகிற அதே அழகான சாய்ந்த எழுத்தில், ‘சங்கரலிங்கம்’ என்று இருந்தது. கீழே ஒரு சின்னப் பூவும் போட்டிருந்தது. கல்யாணச் சீர்ப் பாத்திரங்களுக்கு மட்டும் அவர் போடுகிற பூ அது.

மரம் மணிக்கூண்டில் ஏன் நிற்கவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“கல்யாணம் ஆன புதுசுல பூங்காவுக்குப் போவோம்லா” என்றார் சங்கரலிங்கம், யாருடைய முகத்தையும் பார்க்காமல். “தினமும் குழாயடி வந்ததும் நீ திரும்பிருவே. அந்தப் பக்கம் அப்படி என்னதான் இருக்குன்னு ஒருநாள் நான் மட்டும் போயிப் பாத்தேன். பேரு படிக்கது என் தொழில். படிச்சிட்டேன். ரெண்டு மத்தியானம் கடையை அடைச்சிட்டுப் போயி சரிபண்ணினேன்.”

“அப்பமே தெரியுமா?”

“ஆமா.”

“முப்பது வருசமாத் தெரியுமா? நான் இங்கன செத்துச் செத்துப் பிழைச்சுக்கிட்டு இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன். நீ சொல்லல. சரி, சொல்ல இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன்.”

வடிவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. நெஞ்சில் இத்தனை காலம் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது, அவளுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அடுத்த கணமே அவள் பார்வை செதுக்கின இடத்தில் விழுந்தது. எத்தனை பெரிய காயம்! சைக்கிள் சாவி கீறினது விரல்நீளம், இது இரண்டு கை அகலம்.

“என் மரத்துல உளியை வச்சியளா?” என்றாள் அவள், பூங்காவில் கேட்கிற அதே குரலில்.

“பேரை எடுக்கணும்லா.”

“அதுக்கு வலிக்காதா?”

சங்கரலிங்கம் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் யாரும் பதில் சொன்னதில்லையே. அவள் அவர் கையைப் பிடித்துக் கடைக்கு வெளியே கூட்டிவந்து மரத்துக்கு முன்னால் நிறுத்தினாள். அப்புறம் தானும் பக்கத்தில் நின்றாள். ஜோடி என்றால் இருவரும் சேர்ந்து போடவேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். பாத்திரக்கடைத் தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மரக் காப்புக் குழுத் தலைவியும் அவள் புருஷனும், காதைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் கடகடக்க, ஒருவரை ஒருவர் பிடித்து எழுப்பி எழுப்பித் தோப்புக்கரணம் போட்டார்கள். முதலில் யாரும் சிரிக்கவில்லை. ஆணையர்தான் முதலில் சிரித்தார், அப்புறம் ரம்பக்காரர்கள், அப்புறம் தெரு முழுக்க.

இருவரும் ஒரே சொம்பைப் பிடித்துப் பெயர்களைப் படித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். “இது இனிமே பூங்காவோடது” என்று சொல்லி முடிக்குமுன் வாகை பெருமூச்சு விட்ட மாதிரி ஒருமுறை உலுக்கி, வந்த வழியே திரும்பியது.

அதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் எதற்கு வெட்கப்பட? தோப்புக்கரணம் போட்டவளைவிடவா நம் மானம் பெரிது என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஜோடி, மீன் மார்க்கெட்டில் ஒரு ஜோடி, கூடவே அவரவர் மனைவிமாரும் புருஷன்மாரும், அவர்களுக்கும் கடைசியில் பார்க்கத்தான் ஆசை. சொம்புக்குக் கடையில் கூட்டம் மோதியது. கூட்டத்தில் தனுஷ்கோடியும் இருந்தான். பாங்கு வாசல் நாவல் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும், செண்பகம் அங்கே புருஷனோடு வந்து காத்திருக்கிறாளாம். தங்கபுஷ்பம் அவனுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சங்கரலிங்கம் ஒரு சொம்பை எடுத்துக் கொடுத்தார். பழக்கதோஷத்தில் உளியைக் கையில் எடுத்துக்கொண்டு, “என்ன பேரு போடணும்?” என்றார்.

“ஐயோ, பேரே வேண்டாம் அண்ணாச்சி” என்றான் தனுஷ்கோடி.

“தனுஷ்கோடிதான?” என்றார் சங்கரலிங்கம், மெதுவாக. “ரொம்ப ஆழமா வெட்டுவியபோல. எடுக்கதுக்குள்ள எனக்கு இடுப்பே போயிட்டு.”

தனுஷ்கோடி சொம்போடு போன வேகத்தில் தங்கபுஷ்பம் ஓட வேண்டியிருந்தது. வடிவு கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே கடைசி மரமும் திரும்பிவிட்டது, ரம்பக்காரர்கள் ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை வடிவு சாணியும் செம்மண்ணும் குழைத்து ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனாள், சங்கரலிங்கமும் கடைச்சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கூடப் போனார். குழாயடி வந்தது. நடக்கிறவர்கள், தலைவியம்மா திரும்புவாள் என்று வழக்கம்போல வழி விட்டு ஒதுங்கினார்கள். அவள் திரும்பவில்லை. நேரே போய், வாகை மரத்தின் காயத்தில் உள்ளங்கையால் மருந்தை அப்பி, எழுத்து எல்லாம் மறையும்வரை தடவினாள். சங்கரலிங்கம் வாளியைப் பிடித்துக்கொண்டார். பூசி முடித்துக் கையைக் கழுவிவிட்டு, இருவரும் மிச்சமிருந்த கால் சுற்றை நடந்து முடித்தார்கள்.